ராக்கெட்டும் பிராக்கெட்டும் உறவா? சொல்லின் வேர் தேட ஓர் எளிய விளக்கம்

டென்னிஸ் மட்டையைக் குறிக்கும் 'ராக்கெட்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'பி' போட்டால் 'பிராக்கெட்'. ஆங்கிலத்திலும் இதே கதைதான், ஓர் எழுத்துதான் வித்தியாசம். இப்படி இரண்டு சொற்கள் அருகருகே நின்றால் மனம் சும்மா இருக்காது, உடனே உறவு கட்டிவிடும். மட்டையின் நரம்பு பந்தை மறித்து நிறுத்துகிறது, அடைப்புக்குறி சொற்களை மறித்து நிறுத்துகிறது, ஆகவே இரண்டுக்கும் தாய் ஒன்று என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அதற்கு மேல் "இது பழைய ஆங்கிலச் சொல்" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

இரண்டுமே தவறு. ராக்கெட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டில் ஒன்றுகூடப் பழைய ஆங்கிலச் சொல் இல்லை. அப்புறம் இன்னொன்று: பந்தடிக்கும் ராக்கெட்டும், ஆங்கிலச் செய்தித்தாளில் மோசடிக் கும்பலைக் குறிக்க வரும் 'கிட்னி ராக்கெட்'டும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆனால் அவையும் ஒரே சொல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மாறாக, சுவரில் டிவியைத் தாங்கும் பிராக்கெட், கணக்கில் வரும் பிராக்கெட், அமெரிக்க வருமான வரியில் வரும் பிராக்கெட் ஆகிய மூன்றும் சந்தேகமில்லாமல் ஒரே சொல். ஏன் இப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப்போகிறது.

'பழைய ஆங்கிலம்' என்றால் எது?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புழக்கத்தில் இல்லாத எந்த ஆங்கிலச் சொல்லையும் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் மொழி ஆய்வாளர்களுக்கு அது ஒரு குறிப்பிட்ட காலகட்டத்தின் பெயர். ஆங்கிள், சாக்ஸன் முதலிய இனக்குழுக்கள் வட கடலைத் தாண்டி வந்து 5ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் குடியேறியதிலிருந்து, ஏறக்குறைய 1100 வரை அங்கே பேசியதுதான் பழைய ஆங்கிலம். அதன் பிறகு 1500 வரை இடைக்கால ஆங்கிலம், அதற்குப் பின் நவீன ஆங்கிலம்.

இந்தக் கணக்கின்படி ஷேக்ஸ்பியர் எழுதியது நவீன ஆங்கிலத்தின் தொடக்கக் கட்டம். அவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய கவிஞர் சாசர்கூட இடைக்காலம்தான். உண்மையான பழைய ஆங்கிலப் பக்கம் ஒன்றை இன்றைய லண்டன்காரரிடம் நீட்டினால் ஒரு வரிகூட ஓடாது. பதவுரை இல்லாமல் சங்கப் பாடலைப் படிக்கும் நம் நிலைமை அவருடையதைவிட எவ்வளவோ மேல்.

1066இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் ஆட்சி செய்தது. இறைச்சியின் பெயர், நீதியின் பெயர், உடையின் பெயர், விளையாட்டின் பெயர் என்று பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் கொட்டின. அந்த வரத்து அதோடு நிற்கவில்லை, அடுத்தடுத்த நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது. மட்டையைக் குறிக்கும் ராக்கெட்டும் சரி, பிராக்கெட்டும் சரி, இந்தப் பிந்தைய வரவுகள். இரண்டுமே 16ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் நிலைபெறுகின்றன.

அப்படியானால் இந்த வட்டாரத்தில் அசல் பழைய ஆங்கிலச் சொல் எதுவும் இல்லையா? இருக்கிறது. கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் 'பேட்' பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்திலேயே தடி, உருட்டுக்கட்டை என்ற பொருளில் வந்துவிட்டது. பிராக்கெட்டுக்கு ஓர் உறவுக்காரச் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

பெயர் ஒன்று, வீடு வேறு

ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் அவர்கள் அண்ணன் தம்பி என்று யாரும் நினைப்பதில்லை. ஒருவர் கே.முருகன், இன்னொருவர் எஸ்.முருகன். தபால்காரர் பார்ப்பது இனிஷியலைத்தான். சொற்களுக்கும் அப்படி ஓர் இனிஷியல் உண்டு: அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து, எந்த வடிவத்தில், எப்போது வந்தது என்ற விவரம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் துறைக்குத்தான் சொற்பிறப்பியல் என்று பெயர்.

தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 'ஆறு' என்றால் ஓடும் ஆறும் உண்டு, எண் ஆறும் உண்டு. இன்று இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். ஆனால் சங்கப் பாடல்களில் ஓடும் ஆற்றின் பெயர் 'யாறு'. எண்ணுக்கு அந்த 'ய்' இல்லை. நாளாவட்டத்தில் யாற்றின் தலையிலிருந்த யகரம் தேய்ந்து விழுந்தது, இரண்டு தனிச் சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நின்றன. இப்படித் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்த வெவ்வேறு சொற்களை ஒலியொப்புச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு நேர்மாறு 'கால்'. மனிதனுக்குக் கால், கட்டிலுக்குக் கால், பந்தலுக்குக் கால். மூன்றும் வேறு வேறு பொருள்தான், ஆனால் சொல் ஒன்றே. கீழே நின்று தாங்குகிறது என்ற ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பொருள் நகர்ந்திருக்கிறது. இதை நம் இலக்கண நூல்களே 'பலபொருள் ஒருசொல்' என்று சொல்லிவிட்டன.

சுருக்கமாக இதுவரை: ஒலி ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது, பொருள் வெகுதூரம் விலகி நிற்பது உறவில்லை என்பதற்கும் சான்று ஆகாது. யாறு போலப் பழைய வடிவம் ஒன்று கையில் கிடைத்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். இதை வைத்துக்கொண்டு முதலில் ராக்கெட்டைப் பார்ப்போம்.

உள்ளங்கையிலிருந்து மட்டை

டென்னிஸின் முன்னோர் பிரான்சில் பிறந்தது. அதன் பெயர் 'ஜூ த போம்', அதாவது உள்ளங்கை ஆட்டம். பெயரில் இருப்பதுதான் உண்மை. ஆரம்பத்தில் மட்டை கிடையாது, வெறும் கையால்தான் பந்தை அடித்தார்கள். கை வலித்தபோது கையுறை வந்தது. பிறகு கைப்பிடி வைத்த பலகை, கடைசியில் ஆட்டுக்குடலை முறுக்கி நரம்பாக்கி, மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மட்டை. 1789 ஜூன் 20 அன்று பிரெஞ்சுப் புரட்சியின் முக்கியமான உறுதிமொழியை வெர்சாயில் மக்கள் பிரதிநிதிகள் எடுத்துக்கொண்டது இந்த ஆட்டத்துக்காகக் கட்டிய கூடத்தில்தான்.

கையும் மட்டையும் ஒரே காலத்தில் புழங்கியதற்கு அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1506இல் காஸ்டீல் மன்னர் பிலிப்பின் கப்பல் புயலில் சிக்கி இங்கிலாந்தில் ஒதுங்கியது. அவர் ஏழாம் ஹென்றியின் விருந்தாளியாக வின்ட்சர் கோட்டையில் தங்கினார். அங்கே டார்செட் பிரபுவோடு அவர் பந்து விளையாடியதை அக்காலக் குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது: மன்னர் ராக்கெட்டோடு ஆடினார், எதிராளிக்குப் பதினைந்து புள்ளி விட்டுக்கொடுத்தார். எதிராளி கையால் ஆடியதால் மட்டை வைத்திருந்தவர் சலுகை தந்திருக்கிறார் என்று படித்தால் அந்த வரி விளங்கிவிடும். பதினைந்து பதினைந்தாகப் புள்ளி எண்ணும் இன்றைய டென்னிஸ் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது என்பது கூடுதல் லாபம்.

சரி, இந்த மட்டைக்கு 'ராக்கெட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்துக்கு வந்தது பிரெஞ்சு 'ராகெத்'திலிருந்து என்பதில் சண்டை இல்லை. அதற்கு முந்தைய படியில்தான் இரண்டு கட்சி.

முதல் கட்சி, அகராதிகளில் வழக்கமாகக் காணப்படுவது: அரபு மொழியில் உள்ளங்கைக்கு 'ராஹா' என்று பெயர். இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது கையின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களும் கூடவே போயின. உள்ளங்கை அல்லது மணிக்கட்டைக் குறிக்கும் 'ராசெத்தா' என்ற வடிவம் மருத்துவ லத்தீனில் இருக்கிறது, பிரெஞ்சிலும் அதே பொருளில் ஒரு சொல் இருந்தது. உள்ளங்கையால் ஆடிய ஆட்டத்தில் உள்ளங்கையின் இடத்தைப் பிடித்த கருவிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது என்பது வாதம்.

இரண்டாம் கட்சியின் தலைவர் ஜெர்மானிய டென்னிஸ் வரலாற்றாசிரியர் ஹைனர் கில்மைஸ்டர். அரபும் மருத்துவமும் தேவையே இல்லை என்கிறார் அவர். பழைய பிரெஞ்சில் 'ராஷாசே' என்றால் திருப்பித் துரத்துவது, திருப்பி அடிப்பது. அது பிளெமிஷ் மொழிக்குப் போய் உருமாறி, அங்கிருந்து மட்டையின் பெயராகத் திரும்பி வந்தது என்பது அவர் கணிப்பு.

என்னைக் கேட்டால், உள்ளங்கைக் கதை மிக அழகாக இருப்பதாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஆட்டத்தின் பெயர் உள்ளங்கை, கருவியின் பெயரும் உள்ளங்கை என்று வரும்போது கதை தானாகவே நம்பவைத்துவிடுகிறது. ஆனாலும் மருத்துவ லத்தீனில் இருக்கும் அந்த வடிவம் லேசான சான்று இல்லை. இப்போதைக்கு தராசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இங்கே சாசருக்கு ஓர் இடம் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே, அங்கும் இங்கும் 'ராக்கெட்' ஆடுவது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். நிலையில்லாத மனத்தைக் கிண்டல் செய்யும் இடம் அது. அவர் சொன்னது பந்தாட்டமா, பகடை போன்ற வேறு விளையாட்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. சொல்லின் உருவம் கிடைத்தாலும் பொருள் கைக்குள் வராமல் வழுக்கிப் போகும் இடம் இது. பழைய சொற்களைத் தேடுகிறவருக்கு இது அடிக்கடி நடக்கும்.

ராக்கெட்டை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். நடுவில் 'க்யூ' போட்டு எழுதுவது மூல வடிவம், மற்றது கொச்சை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். எளிய வடிவம்தான் மூத்தது. பிரெஞ்சு மணம் வீசட்டும் என்று பின்னால் ஒட்டவைத்ததுதான் 'க்யூ' வடிவம். ஸ்குவாஷ் ஆட்டக்காரர்கள் அந்த வடிவத்தை இன்றும் விடுவதில்லை. ஸ்குவாஷின் தாய் விளையாட்டுக்குப் பெயரே 'ராக்கெட்ஸ்'தான். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் கடனாளிச் சிறைகளில், உயர்ந்த மதில்களில் பந்தை அடித்து ஆடியவர்கள் வளர்த்தது அது. கடனைக் கட்ட முடியாமல் உள்ளே இருந்த கனவான்கள் பொழுதுபோக்க ஆடிய ஆட்டம், பிறகு ஹாரோ பள்ளிக்குப் போய் மேட்டுக்குடி விளையாட்டாகிவிட்டது.

கூடவே ஒரு சொல். பேட்மின்டனுக்கு முன்னோடியான இறகுப்பந்து ஆட்டத்தில் பயன்பட்ட மட்டைக்கு ஆங்கிலத்தில் 'பேட்டில்டோர்' என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள், துணி துவைக்கும்போது அடிக்கும் கட்டை. ஈரத் துணியைச் சாத்துகிற கட்டையைப் பார்த்தால் மட்டையாகத்தான் தெரியும். பெயர் அப்படியே விளையாட்டுத் திடலுக்கு நகர்ந்துவிட்டது.

சத்தமும் மோசடியும்

இனி இன்னொரு ராக்கெட். அக்கம்பக்கத்தில் யாராவது கூச்சல் போட்டால் அதையும் ஆங்கிலத்தில் ராக்கெட் என்பார்கள். இந்தச் சொல் 1560களில் எழுத்தில் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வந்தது? அகராதிகள் 'மூலம் தெரியவில்லை' என்றே எழுதுகின்றன. கடகட, தடதட போல ஓசையைக் கேட்டு அப்படியே உண்டான சொல்லாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம். டென்னிஸ் மட்டையின் சத்தத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், பழைய வடிவம் எங்கே என்று கேளுங்கள். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு இவை இரண்டு முருகன்கள்தான்.

கூச்சலிலிருந்து பொருள் கும்மாளத்துக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருடர் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் ஏறியிருந்தது. இதற்குச் சாட்சி ஒரு கைதி. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற ஆங்கிலேயர் திருட்டுக் குற்றங்களுக்காக ஆஸ்திரேலியாவுக்கு மூன்று முறை நாடு கடத்தப்பட்டவர். அங்கே இருந்தபோது, 1812இல், லண்டன் திருடர்களின் குழூஉக்குறிகளைத் தொகுத்து ஒரு சொற்பட்டியல் எழுதினார். அது 1819இல் அச்சாகியது. சில வகை மோசடிகளுக்கும் கொள்ளைகளுக்கும் ராக்கெட் என்று பெயர் என்று அதில் சொல்லி, 'கடித ராக்கெட்' என்று ஒன்றை விளக்குகிறார். கப்பல் கவிழ்ந்தது, வீடு எரிந்தது என்று ஒரு கடிதத்தைத் தயார் செய்துகொண்டு பணக்கார வீடுகளின் கதவைத் தட்டி உதவி கேட்பது அந்த வித்தை. இரக்கப்பட்டவர் பணம் கொடுப்பார், ஆனால் எரிந்த வீடு எதுவும் இருந்திருக்காது. இன்று வாட்ஸாப்பில் வரும் மருத்துவமனைப் படத்துக்கும் இதற்கும் தபால் செலவு மட்டும்தான் வித்தியாசம்.

கூச்சலுக்கும் மோசடிக்கும் என்ன தொடர்பு? கூட்டத்தில் ஒருவன் அமளி கிளப்ப, இன்னொருவன் ஜேப்பில் கை விடுவான், அதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. நம்பக்கூடியதுதான். ஆனால் ஊகம் என்ற முத்திரையோடுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீதியை அமெரிக்கா பார்த்துக்கொண்டது. 1920களின் சிகாகோவில், கடைக்காரரிடமும் தொழிலாளர் சங்கங்களிடமும் மிரட்டிப் பணம் பிடுங்கும் கும்பல்கள் பெருகியபோது 'ராக்கெட்டீர்' என்ற சொல் பிறந்தது. இத்தகைய கும்பல்களை ஒடுக்க 1970இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய 'ரிக்கோ' சட்டத்தின் முழுப்பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. திருடர் பேச்சு ஒன்றரை நூற்றாண்டில் சட்டப் புத்தகத்துக்குள் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் செய்தி எழுதும் நம்மூர் நிருபர்களுக்கும் இந்தச் சொல் மேல் தனிப் பாசம் உண்டு. கிட்னி, லாட்டரி, போலிச் சான்றிதழ் என்று எதன் பின்னாலும் ஒரு ராக்கெட் சேர்ந்துவிடும். தமிழ் நிருபர் 'மோசடிக் கும்பல்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

சுருக்கமாக: மட்டை ராக்கெட் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் அரபு உள்ளங்கை இருக்க வாய்ப்பு அதிகம். கூச்சல் ராக்கெட்டின் பிறப்பிடம் தெரியாது. மோசடி ராக்கெட் கூச்சலின் வழியில் வந்திருக்கலாம்.

கால்சட்டையிலிருந்து கணக்கு நோட்டுக்கு

பிராக்கெட்டின் பூர்வீகம்தான் இந்தக் கட்டுரையிலேயே சுவையான பகுதி. ஆரம்பம் ஒரு கால்சட்டை.

பழங்கால ரோமானியர்களுக்குக் கால்சட்டை அணிவது நாகரிகமில்லாத செயல். அது வடக்கே இருக்கும் 'காட்டுமிராண்டி'களின் உடை. அந்த உடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிராக்கே'. சொல்லையே அதை உடுத்திய, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த 'கால்' என்ற இனத்தாரிடமிருந்துதான் வாங்கினார்கள். இன்றைய தெற்கு பிரான்சின் ஒரு பகுதியை 'கால்சட்டை போட்ட காலியா' என்ற பொருளில் காலியா பிராக்காத்தா என்றே அழைத்தார்கள். ஓர் ஊரையே உடையால் கிண்டல் செய்வது எந்தக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது.

இந்த பிராக்கே பிரெஞ்சில் 'பிராக்' ஆகியது. அதற்குச் சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து 'பிராகெத்', அதாவது குட்டிக் கால்சட்டை. உண்மையில் அந்தச் சொல் குறித்தது, கால்சட்டையின் முன்பக்கம் கவட்டை மறைக்கத் தைத்துக் கட்டிய துணிப்பை. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆண்களின் ஓவியங்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். வெறும் மறைப்பாகத் தொடங்கியது, பிறகு பஞ்சு திணித்துப் புடைப்பாகக் காட்டும் பெருமைச் சின்னமாகிவிட்டது. எட்டாம் ஹென்றியின் இரும்புக் கவசம் ஒன்று லண்டன் டவரில் இருக்கிறது. அதில்கூட அந்தப் பகுதிக்கு இரும்பிலேயே ஒரு புடைப்பு செய்து மாட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சில் இன்றும் 'பிராகெத்' என்றால் பேண்டின் முன்பக்கத் திறப்புதான். கணக்கு வாத்தியார் யாரும் இதை வகுப்பில் சொல்லாததற்குக் காரணம் புரிகிறது.

இந்த இடத்திலிருந்து சொல் கட்டடத்துக்குத் தாவுகிறது. சுவரிலிருந்து முன்னால் புடைத்து நின்று பலகையையோ விட்டத்தையோ தாங்கும் கல் அல்லது மரத்துண்டு, நம் கோயில் மண்டபத்தில் தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் போதிகையைப் போன்றது, கொத்தனார்கள் கண்ணுக்கு அந்தப் புடைப்பை நினைவுபடுத்தியது. 1570களில் ஆங்கிலத்தில் 'பிராகெட்' என்ற வடிவில் இந்தச் சொல் தாங்கியின் பெயராக எழுத்துக்கு வருகிறது. லத்தீனில் கைக்கு 'பிராக்கியம்' என்று பெயர். தாங்கியும் நீட்டிய கை போலத்தான் இருக்கிறது என்று படித்தவர்கள் நினைத்து, சொல்லின் உருவத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வளைத்திருக்கவும் கூடும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லோடு பொருத்திக் காரணம் கற்பிப்பதை நாட்டுப்புறச் சொற்பிறப்பு என்பார்கள். படித்தவர்களும் அதற்கு விலக்கு இல்லை.

முன்பு சொன்ன பழைய ஆங்கில உறவுக்காரர் இதோ. பழைய ஆங்கிலத்தில் கால்சட்டைக்கு 'ப்ரோக்', பன்மையில் 'ப்ரேச்'. இன்றைய 'பிரீச்சஸ்' என்ற சொல் அதன் வாரிசு. ஏற்கெனவே பன்மையாக இருந்ததை மறந்துவிட்டு இன்னொரு முறை பன்மையாக்கிய சொல் அது. இதுவும் லத்தீன் பிராக்கேயும் தொலைதூரத்தில் ஒன்று சேரும் சொற்கள். 'கால்' இனத்தாரின் மொழி ஜெர்மானியத்திடம் வாங்கியதா, ஜெர்மானியம் அந்த மொழியிடம் வாங்கியதா என்பது இன்னும் தீராத வழக்கு. எப்படியிருந்தாலும், பிராக்கெட்டின் பங்காளி கால்சட்டைதான், டென்னிஸ் மட்டை இல்லை.

தாங்கி எப்படிக் குறியானது?

வளைந்த தாங்கி இரண்டை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பதை இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அச்சுக்கூடத்தில் இரண்டு பக்கமும் நின்று சொற்களைப் பிடித்துக்கொள்ளும் குறிகளுக்கு இந்தப் பெயர் ஏறியது 1750 வாக்கில்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: குறி அதற்கு ரொம்ப நாள் முன்பே இருந்தது. இத்தாலியக் கணித அறிஞர் தர்தாலியா 1556இல் அச்சான தன் நூலிலேயே வளைவு அடைப்புகளைக் கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார். அதே நூற்றாண்டின் அறிஞர் எராஸ்மஸ், உரைநடையில் வரும் வளைவு அடைப்புக்கு 'லூனுலா' என்று பெயர் வைத்தார். குட்டி நிலா என்று பொருள். நம் நிறுத்தற்குறிப் பாடத்தில் அதையே 'பிறை அடைப்பு' என்கிறோம். சதுர அடைப்புக்கு 'பகர அடைப்பு' என்று பெயர் வைத்தவர் யாரோ, 'ப' என்ற எழுத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். லண்டன் அச்சுக்காரர் தாங்கியைப் பார்த்ததும், நம்மவர் 'ப'வைப் பார்த்ததும் ஒரே மாதிரியான வேலைதான்: தெரிந்த உருவத்தின் பெயரைப் புது உருவத்துக்குக் கடன் கொடுப்பது. இதை உருவக நகர்வு என்று சொல்லலாம்.

குறியிலிருந்து பொருள் இன்னும் ஓடியது. பட்டியலில் சில பெயர்களை ஒரு நீண்ட அடைப்புக்குறி போட்டுச் சேர்த்தால் அவர்கள் சம நிலையில் இருப்பவர்கள் என்று பொருள். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வு முடிவுகளில் ஒரே இடம் பெற்றவர்களை இப்படித்தான் சேர்த்தார்கள். அதிலிருந்து 'ஒரே வகுப்பில் வருபவர்கள்' என்ற பொருளும், அதிலிருந்து வருமான வரிப் படிநிலையைக் குறிக்கும் பிராக்கெட்டும் வந்தன. இதையே நம் ஊர்ப் பேச்சில் 'ஸ்லாப்' என்கிறோம். பீரங்கிக்காரர்கள் முதல் குண்டை இலக்குக்கு அப்பாலும் அடுத்ததை இப்பாலும் போட்டு, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவதற்கும் அதே பெயர். ஒளி அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒரே காட்சியை மூன்று முறை எடுக்கும் புகைப்படக்காரர் செய்வதும் அதே.

விளையாட்டுப் போட்டியின் அட்டவணைக்கும் அமெரிக்காவில் பிராக்கெட் என்றே பெயர். இரண்டு இரண்டு பெயராகக் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் 128 பேர் என்றால் ஏழு சுற்று. டென்னிஸ்காரர்கள் அதை 'டிரா' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தால் ராக்கெட் பிடித்தவர்கள் பிராக்கெட்டுக்குள் அடைபட்டிருப்பது தெரியும். இரண்டு சொற்களுக்கும் உள்ள ஒரே உண்மையான சந்திப்பு இதுதான்.

சுருக்கமாக: கால்சட்டை, கவட்டுப் பை, சுவர்த் தாங்கி, அச்சுக் குறி, சம நிலையில் உள்ளவர்களின் தொகுப்பு, வரிப் படிநிலை. ஒவ்வொரு படியிலும் ஓர் உருவ ஒற்றுமை அல்லது பயன் ஒற்றுமை இருக்கிறது, எழுத்துச் சான்றும் இருக்கிறது. அதனால்தான் இதைத் துணிந்து பலபொருள் ஒருசொல் என்கிறோம்.

பி-யா, பீ-யா?

நடைமுறைக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடலாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் வெறுமனே பிராக்கெட் என்றால் மனத்தில் வருவது பிறை அடைப்பு. அமெரிக்கர்களுக்கு அது சதுர அடைப்பு. பிறைக்கு அவர்கள் 'பேரன்தசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருள், பக்கத்தில் செருகி வைப்பது. இதனால்தான் கணக்கு வரிசையை நாம் 'பாட்மாஸ்' என்று படித்தோம், முதல் எழுத்து பிராக்கெட்டின் 'பி'. அமெரிக்கப் பிள்ளைகள் படிப்பது 'பெம்டாஸ்', முதல் எழுத்து பேரன்தசிஸின் 'பீ'. கணக்கு ஒன்றுதான். வெளிநாட்டு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் "எந்த பிராக்கெட்?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

விகுதி ஏமாற்றும்

ராக்கெட், பிராக்கெட் இரண்டிலும் முடிவில் 'எட்' இருக்கிறதே, அதுவாவது உறவு இல்லையா? 'எட்', 'எத்' என்பவை பிரெஞ்சில் சிறியது என்று காட்டும் விகுதிகள். பிராக்கெட், ஜாக்கெட், பாக்கெட் என்று நாம் அன்றாடம் சொல்லும் எத்தனையோ சொற்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பிளாங்கெட்' என்ற போர்வைகூட பிரெஞ்சில் வெள்ளையைக் குறிக்கும் சொல்லோடு அந்த விகுதி சேர்ந்ததுதான். விகுதி பொது, வேர்தான் தனி. வேரைப் பார்க்காமல் விகுதியை வைத்து உறவு கட்டினால் ஜாக்கெட்டும் பிளாங்கெட்டும்கூட அண்ணன் தம்பி ஆகிவிடும்.

ஒரு சொல்லின் வேர் பற்றி எங்காவது படித்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதன்முதலாக எழுத்தில் வந்த காலம் சொல்லியிருக்கிறதா? நடுவில் இருந்த மொழிகளும் வடிவங்களும் படிப்படியாக வருகின்றனவா? 'இருக்கலாம்', 'தெரியவில்லை' போன்ற சொற்கள் எங்காவது தட்டுப்படுகின்றனவா? மூன்றாவதை நான் பெரிதும் மதிக்கிறேன். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் சொற்பிறப்புக் கட்டுரை பெரும்பாலும் கற்பனைதான்.

விண்ணில் போகும் ராக்கெட்

கடைசியாக, தமிழில் எழுதுவதால் நமக்கு மட்டும் வரும் சிக்கல். மட்டையையும் 'ராக்கெட்' என்று எழுதுகிறோம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவதையும் 'ராக்கெட்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றின் முதல் உயிரெழுத்து வேறு, உச்சரிப்பும் வேறு. தமிழ் எழுத்துக்குள் வரும்போது அந்த வேறுபாடு கரைந்து, யாறும் ஆறும் போல இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் கண்முன்னே பிறந்த ஒலியொப்புச் சொல் இது.

விண்ணில் போவதன் பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே நூல் சுற்றும் சிறு கட்டைக்கு 'ரொக்கெத்தோ' என்று பெயர், தையல் மிஷினில் இருக்கும் பாபின் மாதிரி. வாண வெடியின் உருளை வடிவம் அதைப் போல இருந்ததால் அந்தப் பெயர் வாணத்துக்குப் போனது. பிரிட்டனில் 'ராக்கெட்' என்ற பெயரில் விற்கும் ஒரு கீரையும் உண்டு, சாலடில் பச்சையாகப் போட்டுச் சாப்பிடுவார்கள், கடுகு மாதிரி காரம் இருக்கும். அதற்கும் நூல்கட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அது 'எரூகா' என்ற லத்தீன் தாவரப் பெயர் இத்தாலிய, பிரெஞ்சு வாய்களில் தேய்ந்து வந்தது. அதே லத்தீன் சொல் இத்தாலிய வட்டார வழக்கு ஒன்றின் வழியாக அமெரிக்கா போய் 'அருகுலா' ஆகியிருக்கிறது. லண்டன் காய்கறிக் கடையில் ராக்கெட் என்று கேட்டு வாங்குகிற அதே கீரையை நியூயார்க்கில் வாங்க வேண்டுமென்றால் அருகுலா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு பெயருக்கும் ஓர் எழுத்துகூடப் பார்வைக்கு ஒட்டாது, ஆனால் இவைதான் உடன்பிறப்புகள்.